நாலு மை மரியாதை

அண்ணாச்சி, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் குடுங்க. படிக்க இல்ல, பாக்க. ஒரே நிமிசம். இந்தா, இந்த லென்ஸை வச்சுப் பாருங்க. பாத்தீங்களா? தலைப்புச் செய்தி, அதுவும் மந்திரி பேரு, ஒத்தை மையில அடிச்சிருக்கான். வெறும் கறுப்பு. எவ்வளவு வறுமையா இருக்கு பாருங்க.

உங்களுக்குப் பளிச்சுன்னுதான் தெரியும். யாருக்கும் பளிச்சுன்னுதான் தெரியும். பளிச்சுன்னு தெரியிறது வேற, மரியாதை வேற. இந்த வித்தியாசம் தெரியாமத்தான் எங்க வீட்டுல ஒரு கல்யாணமே நிக்கப் பாத்துச்சு. நிக்கவிடாமக் காப்பாத்துனவன் உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். இந்த பஸ்ல சிவகாசி வரைக்கும்தானே போறீங்க? அப்பச் சொல்லிறலாம். நல்லா உக்காருங்க.

எம்பேரு பூலோகபாண்டி. சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால டிசைன் கடை வச்சிருக்கேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எதுன்னாலும் நாமதான். கம்ப்யூட்டர்ல எழுத்தைக் கோத்து, சாமி படத்தை வச்சு, ஃபைலாக்கி சிவகாசி பிரஸ்ஸுக்கு அனுப்புவேன். அங்க அச்சாகி வரும். அந்தப் பிரஸ்ல ஃபைல் சரிபாக்குறதுக்குன்னே ஒரு பொண்ணை வச்சிருக்காங்க. ஜெபக்கனின்னு பேரு. நல்ல பொண்ணுதான், குறை சொல்லக்கூடாது. ஆனா கறுப்புன்னு வந்துட்டா அதுக்குக் கிறுக்குப் புடிச்சிரும். "அண்ணே, கறுப்பு சரியில்லண்ணே"ன்னு போன் வரும். ஒவ்வொரு ஃபைலுக்கும் வரும். கறுப்புல என்னத்தச் சரியில்லாமப் போக இருக்கு, நீங்களே சொல்லுங்க.

சரி, விசயத்துக்கு வாரேன். என் சம்சாரம் செண்பகவல்லிக்கு ஒரே ஒரு தங்கச்சி, பூங்கோதை. நான் பொண்ணெடுத்தப்ப அது பாவாடை சட்டை போட்டுக்கிட்டு என் பைக்ல முன்னாடி உக்காந்து போகும். இன்னைக்கு ஆஸ்பத்திரில நர்ஸு. கூட வேலை பாக்குற பையன் இன்பராஜ். விளாத்திகுளத்துக்காரன், தங்கமான பய. அதுக ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு புடிச்சுப்போயி, ரெண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்கப் பட்ட பாடு இருக்கே, சொல்லி மாளாது. எங்க மாமனார் குருவையா ஒரு முரண்டு. அந்தப் பக்கம் பையனோட தாய்மாமன் வெயிலுகந்தான் அதுக்கு மேல ஒரு முரண்டு. கரண்டு ஆபீஸ்ல போர்மேனா இருந்து ஓய்வு பெத்தவரு. அவரு தலையாட்டுனாத்தான் அந்த வீட்டுல உலையே வைப்பாங்க. அப்பிடி இப்பிடின்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டு, பூ வச்சு, தேதி குறிச்சாச்சு. பத்திரிகை யாரு? வீட்டு மாப்பிள்ளை நான் இருக்கையில வேற யாரு?

பத்திரிகைன்னா எங்க பக்கம் வெறும் பொண்ணு மாப்பிள்ளை பேரு இல்ல அண்ணாச்சி. அது கிடக்குது நடுவுல. "தங்கள் நல்வரவை விரும்பும்"னு போட்டு அதுக்குக் கீழ வரும் பாருங்க ஒரு படை, அதுதான் பத்திரிகை. எந்தப் பேரு மேல, எந்தப் பேரு கீழ, யாருக்கு என்ன பட்டம்னு பாத்துப் பாத்துக் கோக்கணும். எங்க மாமனார் என் நாற்காலிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு ஒவ்வொரு பேரா சொல்லச் சொல்ல, பொண்ணு வீட்டுப் பேரு பூராத்தையும் நானே என் கையால அடிச்சேன். மாப்பிள்ளை வீட்டுல சம்பந்தி கோட்டைச்சாமி படிச்ச மனுசன். அவரு லேப்டாப்ல டைப் பண்ணி ஃபைலா அனுப்பிட்டாரு. நான் அதை அப்பிடியே அள்ளி இந்தப் பக்கம் ஒட்டிட்டேன். கம்ப்யூட்டர்ல பாத்தா ரெண்டு பக்கமும் ஒரே கறுப்பு. அட்சரம் வித்தியாசம் கிடையாது.

ஜெபக்கனி போன் பண்ணுச்சு. "அண்ணே, மாப்பிள்ளை வீட்டு எழுத்து பூரா நாலு கலர்லயும் வருதுண்ணே. பொண்ணு வீட்டு எழுத்து மட்டும்தான் தனிக் கறுப்பு."

"எம்மா, கறுப்புல என்னம்மா தனிக் கறுப்பு, கூட்டுக் கறுப்பு? அதென்ன குடித்தனமா நடத்துது?"

அதுக்கு ஒரு பாடம் எடுத்துச்சு. நானும் கேட்டேன், கேக்கலன்னா அது போனை வைக்காது. அதாவது மெஷின்ல நீலம், ரோஸு, மஞ்சள், கறுப்புன்னு நாலு பிளேட்டு இருக்காம். தனிக் கறுப்பு எழுத்துன்னா கறுப்புப் பிளேட்ல மட்டும் விழும், சுத்தமா வரும். வேற ஃபைல்ல இருந்து அள்ளி ஒட்டுற கறுப்பு, பாக்கக் கறுப்பா இருந்தாலும் நாலு மையும் கலந்த கறுப்பாம். ஒரே எழுத்தை நாலு தடவை ஒண்ணு மேல ஒண்ணு அடிக்கணுமாம். தாள் ஒரு நூலு நகந்தாலும் எழுத்துக்குப் பக்கத்துல நிழல் தட்டிருமாம். சின்ன எழுத்துன்னா கலங்கிப் போயிருமாம்.

"நீ பிளேட்டைப் போடும்மா, நான் பாத்துக்கிறேன்"னு சொல்லிட்டேன். முகூர்த்த சீசன், கடையில கூட்டம் நிக்கிது. இதுக்கு நடுவுல ஒரு எழுத்தோட வம்சாவளியைப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?

அச்சாகி வந்துச்சு. நான் பிரிச்சுப் பாத்தேன். பொண்ணு வீட்டுப் பக்கம் சாதாரணமா இருந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒவ்வொரு பேருக்கும் இந்தப் பக்கம் லேசா ஒரு ரோஸு, அந்தப் பக்கம் லேசா ஒரு நீலம். எனக்கு அழகாத்தான் தெரிஞ்சுச்சு. சீரியல் பல்பு போட்ட மாதிரி ஒரு ஜொலிப்பு. செண்பகவல்லிகிட்டக் காட்டுனேன். "ஏங்க, எழுத்து ஆடுதுங்க"ன்னா. அவளுக்கு எப்பவுமே நம்ம வேலையில ஒரு அலட்சியம். நான் கண்டுக்கல. ரெண்டு வீட்டுக்கும் கட்டுக் கட்டாக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன்.

வெயிலுகந்தான் ஐயாவுக்கு அப்பத்தான் கண்ணுல புரை எடுத்திருந்தாங்க. பத்திரிகையை வாங்கித் தன் பேரைப் பாத்திருக்காரு. பாத்தவரு ஆடிப் போயிட்டாரு. ஆபரேசன் பொய்த்துப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு, வேனைப் புடிச்சு நேரா கண்ணு ஆஸ்பத்திரி. அங்க டாக்டர் லைட்டு அடிச்சுப் பாத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்ல, ஐயா கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சிருக்காரு. பத்திரிகையை டாக்டர் கையில குடுத்திருக்காரு. "ஐயா, உங்க கண்ணு நல்லா இருக்கு, பத்திரிகைக்குத்தான் ஆபரேசன் பண்ணணும்"னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த டாக்டருக்கு எதுக்குங்க இந்த வாயி? கண்ணை மட்டும் பாத்து அனுப்ப வேண்டியதுதானே?

மறுநாள் காலையில எங்க மாமனார் வீட்டு வாசல்ல ரெண்டு காரு. சம்பந்தி, சம்பந்தியம்மா, வெயிலுகந்தான் ஐயா, இன்னும் நாலஞ்சு பேரு. தண்ணி குடுத்தா வாங்கல. ஐயா பத்திரிகையை விரிச்சு நடு வீட்டுல வச்சாரு.

"இந்தப் பக்கம் உங்க ஆளுக பேரு. பளிச்சுன்னு இருக்கு. இந்தப் பக்கம் எங்க ஆளுக பேரு. சாயம் போன வேட்டி மாதிரி இருக்கு. இது தெரியாம நடந்ததுன்னு சொல்லாதீங்க. பத்திரிகை அடிச்சது உங்க வீட்டு மாப்பிள்ளை. உங்க பொண்ணைக் குடுக்கப் பிரியமில்லன்னா நேராச் சொல்லிருங்க, ஏன் எங்களைக் கலங்கலாக்குறீங்க?"

எங்க மாமனாருக்கு மீசை துடிக்குது. "பிரியமில்லாமத்தான் பூ வச்சோமா?"ன்னு அவரு எந்திரிக்க, "அப்ப இதுக்கு என்ன அர்த்தம்?"னு ஐயா எந்திரிக்க, சம்பந்தி ரெண்டு பேரையும் உக்கார வைக்க எந்திரிக்க, ஒருத்தரும் உக்காரல. அடுப்படி வாசல்ல பூங்கோதை நிக்கிது. மூஞ்சில ரத்தமே இல்ல. என்னையக் கையைக் காட்டிக் கூப்புட்டுச்சு. "அத்தான், எங்க கல்யாணம் நின்னுரும் போல இருக்கு, ஏதாவது செய்யுங்கத்தான்"னு கெஞ்சுச்சு. பொய் சொல்லல அண்ணாச்சி, எனக்கு அழுகையே வந்துருச்சு.

அப்பத்தான் எனக்கு ஜெபக்கனி சொன்னது ஞாபகம் வந்துச்சு. நேரா நடு வீட்டுக்குப் போனேன். "ஐயா, ஒரு நிமிசம் நான் பேசலாமா?"ன்னேன்.

"பேசு."

"உங்க பக்கத்துப் பேரு ஒவ்வொண்ணையும் நாலு மை போட்டு அடிச்சிருக்கு. நீலம், ரோஸு, மஞ்சள், கறுப்பு. ஒரே எழுத்து, நாலு தடவை. எங்க மாமனார் பேரு? வெறும் கறுப்பு. ஒத்தை மை. ஒத்தை அடி. நம்பலன்னா பிரஸ்ஸுக்கு இப்பவே போன் போட்டுத் தாரேன். இப்பச் சொல்லுங்க, யாருக்கு மரியாதை கூட?"

ஐயா பத்திரிகையைக் கையில எடுத்தாரு. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி பாத்தாரு. "நாலு மையா?"ன்னாரு. "நாலு மைங்கய்யா"ன்னேன். சம்பந்தியம்மா எட்டிப் பாத்து, "ஆமா, ரோஸு தெரியிது"ன்னாங்க. ஐயா மூஞ்சி இளகுது பாருங்க, இளகி, கொஞ்சம் கொஞ்சமாச் சிரிப்பு வந்து, "இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே தம்பி"ன்னு சொம்புத் தண்ணியை எடுத்துக் கடகடன்னு குடிச்சாரு. அவரு குடிச்சதும் எல்லாரும் குடிச்சாங்க.

நான் செண்பகவல்லியைப் பாத்தேன், எப்பிடின்னு. அவ என்னையப் பாக்கல, அவங்க அப்பாவைப் பாத்துக்கிட்டு இருந்தா.

"மாப்ள." மாமனார் கூப்புடுறாரு. "அப்ப எனக்கு ஒத்தை மைதானா?"

"இல்ல மாமா, அது வந்து…"

"உனக்குப் பொண்ணைக் குடுத்தவன் நானு. வருசம் தவறாம தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்துக் குடுக்கிறவன் நானு. எனக்கு ஒத்தை மை. இன்னைக்கு வந்தவுகளுக்கு நாலு. அதைச் சபையில வேற சொல்ற."

மனுசன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "இந்தக் கல்யாணமே வேண்டாம்"னு கிளம்பிட்டாரு. அவரு வீட்டுல இருந்து அவரே கிளம்பி எங்க போறதுன்னு தெரியாம வாசப்படியில நிக்கிறாரு. பூங்கோதை இப்ப நெசமாவே அழுதுருச்சு. நான் ஓடிப்போயி அவரு கையைப் புடிச்சு, "மாமா, பத்திரிகையைத் திருப்பி அடிச்சிருவோம். எல்லாப் பேருக்கும் நாலு மை. ரெண்டு பக்கமும் சமம். ஒருத்தருக்கும் ஒரு மை குறையாது"ன்னு சத்தியம் பண்ணுனேன். அப்பத்தான் உள்ள வந்தாரு.

ஜெபக்கனிக்குப் போன் போட்டேன். "மாப்பிள்ளை வீட்டு எழுத்து எப்பிடி இருக்கோ அதே மாதிரி பொண்ணு வீட்டையும் மாத்தணும்மா."

"அண்ணே, எல்லாரும் நாலு கலர் எழுத்தைத் தனிக் கறுப்பாத்தான் மாத்தச் சொல்வாங்க"ன்னுச்சு.

"எல்லாரும் மாதிரியா நானு? நாலு மையும் முழுசா இருக்கணும். ஒவ்வொண்ணும் நூத்துக்கு நூறு. கோயில் பேரு, மண்டபம் பேரு, நேரம், வழி, அத்தனையும்."

"அண்ணே, அவ்வளவு மை போட்டா காயாதுண்ணே."

"வெயில்ல வைம்மா. சிவகாசில இல்லாத வெயிலா?"

அந்தப் பொண்ணு அழுதுச்சா சிரிச்சுச்சான்னு தெரியல, போன்ல ஒரு மாதிரி சத்தம் வந்துச்சு. ஆனா அடிச்சுக் குடுத்துட்டாங்க. கட்டைப் பிரிச்சா, அடேயப்பா! என்ன கறுப்புங்கிறீங்க! எழுத்தே தெரியாத அளவுக்குக் கறுப்பு. காயத்தான் இல்ல. ஒரு பத்திரிகையோட எழுத்து அடுத்த பத்திரிகை முதுகுல ஒட்டிக்கிட்டு வருது. மஞ்சள் தடவ எடுத்தா மஞ்சளே கறுத்துருது. எங்க மாமனார் வெத்தலை பாக்கோட தட்டுல வச்சு ஊரு பூரா குடுத்தாரு, வாங்குன ஆளு ஒவ்வொருத்தனும் ஓட்டுப் போட்டுட்டு வந்தவன் மாதிரி விரல்ல மையோட திரிஞ்சான். அவருக்கு என்ன பெருமைங்கிறீங்க! "நாலு மை, கை வச்சா ஒட்டுதா?"ன்னு கேட்டுக் கேட்டுக் குடுத்தாரு. அந்தப் பக்கம் வெயிலுகந்தான் ஐயாவும் அப்பிடித்தான். ரெண்டு வீடும் ஒண்ணாயிருச்சு. சமாதானம்னா அதுதாங்க சமாதானம்.

கல்யாணத்தன்னிக்கு விடியக்காலமே மண்டபத்துக்குப் போயிட்டேன். போய் நின்னதும் போன் அடிக்குது. "அலோ, பத்திரிகையில இந்த நம்பர் இருந்துச்சு, மண்டபம் எங்கங்க?" வழி சொன்னேன். வச்சதும் அடுத்த போன். "தம்பி, முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" சொன்னேன். வச்சதும் அடுத்தது. என்னடான்னு பாத்தா, பத்திரிகைக்கு அடியில என் கடைப் பேரும் நம்பரும் எப்பவும் நிரந்தரமா இருக்கும்ல, அதை மட்டும் மாத்தச் சொல்ல மறந்துட்டேன். அது பாவம் ஒத்தை மையிலயே கிடந்திருக்கு. மத்த எழுத்தெல்லாம் நாலு மையில கம்பீரமா இருக்க, என் நம்பர் ஓரமா, அடக்கமா இருந்திருக்கு. சனங்க எப்பிடியோ அதைக் கண்டுபுடிச்சு, அம்புட்டுப் பேரும் எனக்கே போன் அடிக்கிறாங்க. பாத்துக்கோங்க, நம்ம மேல அவ்வளவு நம்பிக்கை.

மேடையில பொண்ணு மாப்பிள்ளை வந்து உக்காந்தாச்சு. அய்யர் மந்திரம் சொல்றாரு. ஆனா தாய்மாமனைக் காணோம். அவங்க வழக்கத்துல மாப்பிள்ளைக்கு மொத மாலை தாய்மாமன்தான் போடணும். அது போடாமத் தாலியை எடுக்க மாட்டாங்க. முகூர்த்தம் நழுவுது. "கடைசி நேரத்துல மனசு மாறிட்டாரா?"ன்னு எங்க மாமனாரு முணுமுணுக்க, "எங்க மச்சான் அப்பிடிப்பட்ட ஆளு இல்ல"ன்னு சம்பந்தி முறைக்க, மறுபடி ஆரம்பிக்குது. பூங்கோதை தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கு.

எனக்குப் போன். "அலோ, கல்யாணம் எங்க நடக்குது?"

குரலைக் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு. "ஐயா, நான்தான் பாண்டி பேசுறேன். நீங்க எங்க இருக்கீங்க?"

மெதுவா, "தம்பி, நான் வேற கல்யாணத்துல உக்காந்திருக்கேன்"ன்னாரு.

ஊர்ல இருந்து தனி வேன்ல சீர்வரிசையோட வந்தவரு, பத்திரிகையைப் பாத்து மண்டபம் பேரைப் படிக்க முடியாம, பந்தல் போட்டிருந்த மொத மண்டபத்துக்குள்ள போயிட்டாரு. சந்தனம் பூசி, கல்கண்டு குடுத்து, மொத வரிசையில உக்கார வச்சிருக்காங்க. பந்தியில பொங்கலும் வடையும் சாப்புட்டிருக்காரு. மாப்பிள்ளை மேடைக்கு வந்தப்பறம்தான் அது நம்ம பய இல்லன்னு தெரிஞ்சிருக்கு. அதுக்குள்ள சீரைப் பாதி இறக்கி வச்சுட்டாங்க.

பைக்கை எடுத்தேன் பாருங்க. போயி, சீரைத் திருப்பி ஏத்தச் சொல்லிட்டு, ஐயாவைப் பின்னாடி உக்கார வச்சு, கையில மாலையோட கொண்டாந்து மண்டப வாசல்ல இறக்குனேன். அவரு வேட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடுறாரு. நானும் உள்ள ஓடப் போனேன், போன் அடிக்குது. யாரோ ஒரு அம்மா, "மண்டபம் தெரியல தம்பி, ஆட்டோவுல நிக்கிறோம்"ங்குது. பேசிக்கிட்டு இருக்கும்போதே உள்ள கெட்டிமேளம் கொட்டிட்டாங்க. "மேளம் கேக்குதாம்மா? அந்தச் சத்தத்தைப் புடிச்சுக்கிட்டே வாங்க"ன்னேன். அவ்வளவுதான். பைக்ல முன்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போன புள்ள. அது கழுத்துல தாலி ஏறுனதை நான் பாக்கல அண்ணாச்சி. வாசல்ல நின்னு வழி சொல்லிக்கிட்டு இருந்தேன்.

சரி, விடுங்க. கல்யாணம் நடந்துச்சு, அது போதும்.

பந்தி முடிஞ்சு ஐயா என்னையத் தேடி வந்தாரு. தோள்ல கையைப் போட்டாரு. "தம்பி, பேரனுக்குக் காதுகுத்து வச்சிருக்கேன். பத்திரிகை நீதான் அடிக்கணும். ஆனா ஒண்ணு. எம்பேருக்கு நாலு மையெல்லாம் வேண்டாம். உன் நம்பருக்கு எப்பிடிப் போட்டியோ, அந்த ஒத்தை மை போதும். சத்தியமாச் சொல்றேன், அது போதும்"ன்னாரு. கையெடுத்துக் கூடக் கும்புட்டாரு.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. எப்பேர்ப்பட்ட மனுசன் பாருங்க! ஒரு காலத்துல மரியாதைக்காகக் காரைப் போட்டு வந்து நின்ன ஆளு, இன்னைக்கு ஒத்தை மை போதும்னு அடக்கமா வந்து நிக்கிறாரு. பெரிய மனுசத்தனம்னா இதுதான்.

அந்தக் காதுகுத்து ஃபைல்தான் இந்தப் பென் டிரைவுல இருக்கு. போன்ல சொன்னா ஜெபக்கனி ஏதாவது மாத்தி வச்சிரும், அதான் நேர்லயே போய்ப் பக்கத்துல நின்னு அடிச்சு வாங்கியாரலாம்னு போறேன். அவரு பெருந்தன்மையில வேண்டாம்னு சொல்லலாம் அண்ணாச்சி. நமக்கு மனசு வருமா? அவருக்குத் தெரியாம நாலு மையே போட்டுட்டேன். இந்தத் தடவை என் நம்பருக்கும் சேத்து.